வேப்பம்பட்டு வீடு – 14: மாம்பழ மஞ்சள் புடவை

கோமளாவைப் போன வாரம் குக்கரின் மூன்றாவது விசிலோடு விட்டுவிட்டு வந்தோம். பாவம், அவள் நிம்மதியைக் கெடுத்ததே அந்த விசில்தான்.

அது குறுக்கே வராமல் இருந்திருந்தால் வேப்பம்பட்டு வீட்டில் தோட்ட வேலை செய்கிற தாயம்மா போனில் சொன்னது முழுசாகக் காதில் விழுந்திருக்கும். கோமளாவின் கணவர் தட்சிணாமூர்த்திக்கு வலது காது மந்தம். யார் கூப்பிட்டாலும் ஸ்பீக்கரில் போட்டு அம்பத்தூருக்கே கேட்கிற மாதிரி பேசுவார். செவ்வாய்க்கிழமை காலையிலும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார். அடுப்படியில் நின்ற கோமளாவுக்குக் கேட்டது இவ்வளவுதான்.

“வெள்ளிக்கெயம பூ…” — இங்கே விசில் — “…காரிய ஊட்டுக்கு இட்டுகினு வந்துர்லாம் சார். பொடவ மட்டும் உன் கையால எடுத்துகினு வந்துடு. அம்மாவாண்ட இப்போத்திக்கி ஒண்ணும் சொல்லிக்காத.”

பூக்காரி. வீட்டுக்கு. புடவை. அம்மாவிடம் சொல்லாதே.

நாற்பது வருஷம் ஒரு மனுஷரோடு குடித்தனம் பண்ணிவிட்டு, அறுபத்தொரு வயதில் ஒரு பெண்பிள்ளை காதில் விழ வேண்டிய பேச்சா இது?

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. புதன்கிழமை பரணில் பழைய பேப்பர் கட்டுக்குப் பின்னால் ஒரு ஜவுளிக்கடைப் பை அகப்பட்டது. உள்ளே மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் போட்ட பருத்திப் புடவை. கூடவே ஒரு டஜன் கண்ணாடி வளையல். புடவையைப் பிரித்து மடியில் போட்டுக்கொண்டு கோமளா அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அழகான புடவை. அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை. “எனக்குக் கலர் பார்க்கத் தெரியாது, நீயே எடுத்துக்கோ” என்று நாற்பது வருஷமாக ஜவுளிக்கடை வாசலில் செருப்புக்குக் காவல் நிற்கிறவர் எடுத்த புடவையா இது!

வியாழக்கிழமை மகள் ஸ்வாதிக்குப் போன் போட்டுப் புலம்பினாள்.

“அம்மா, அப்பாவுக்கு அறுபத்தேழு வயசு. முட்டிக்கு பெல்ட் கட்டிக்கிட்டு மாடி ஏறுறாரு. அவரைப் போயா?” ஸ்வாதி சிரித்தாள். “தாயம்மா பொண்ணுக்குக் கல்யாணம் வருதுல்ல, அதுக்கா இருக்கும்.”

“அதுக்குன்னா என்கிட்ட சொல்லித்தானே எடுக்கணும்? பரண்ல ஏன் ஒளிக்கணும்?”

“எண்பத்தஞ்சு வெள்ளத்துல தண்ணியில நடந்தே வந்தவரும்மா அவரு. மழை பெஞ்சா போதும், நீதானே வருஷா வருஷம் அந்தக் கதையைச் சொல்லுவே. அப்பேர்ப்பட்டவரையா சந்தேகப்படறே?”

உண்மைதான். கல்யாணமாகி பத்தாவது மாசம். சென்னையே மிதந்தது. வேலைக்குப் போனவர் மூன்று நாளாக வரவில்லை. நாலாம் நாள் காலையில் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ‘ஓ’வென்று அழுதார். புதுப்பெண்டாட்டி கோமளா முந்தானையால் அவர் தலையைத் துவட்டி, “எனக்கு ஒண்ணும் ஆகலைங்க, இதோ இருக்கேன்ல” என்று தேற்றினாள். தன் மேல் அவருக்கு அவ்வளவு உயிர் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவர் எத்தனை முசுடாக இருந்தாலும் அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு அவள் ஓட்டிவிட்டாள்.

இருந்தாலும் மனசு கேட்குமா?

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தட்சிணாமூர்த்தி குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கையில் மஞ்சள் பையோடு நின்றார்.

“பேங்குக்குப் போறேன். பென்ஷனுக்கு லைஃப் சர்டிபிகேட் கொடுக்கணும். உயிரோடதான் இருக்கேன்னு நேர்ல போய்க் காட்டிட்டு வரேன்.”

“பையில என்ன?”

“பேப்பர்.”

பேப்பருக்கு அரக்கு பார்டர் இருக்குமா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. அவர் தெரு திரும்பியதும் பரணை எட்டிப் பார்த்தாள். புடவை இல்லை. அவ்வளவுதான், வேப்பம்பட்டு வீட்டுச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகினாள், குடையை எடுத்தாள், அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடித்தாள்.

திருவள்ளூர் லோக்கலில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. ஆவடி தாண்டும்போது தூறல் ஆரம்பித்தது. கோமளா கம்பியைப் பிடித்தபடி, வேப்பம்பட்டு வீடு வாங்கின ஆறு வருஷத்தையும் ஒவ்வொரு மாசமாகப் புரட்டிப் பார்த்தாள்.

வீடு தேடும்போதே இவர் ஒரு தினுசாகத்தான் இருந்தார். திருவேற்காட்டில் பார்த்தார்கள், கோயில் பக்கம் என்று கோமளாவுக்குப் பிடித்தது. குத்தம்பாக்கத்தில் புது பஸ் நிலையம் வருகிறது, அங்கே வாங்குங்கள் என்று மாப்பிள்ளை ராகவன் தலையால் அடித்துக்கொண்டான். இவர் வேப்பம்பட்டுதான் என்று ஒரே பிடியாக நின்றார். அந்த வீட்டுக்குள்கூடச் சரியாகப் போகவில்லை. நேரே கொல்லைக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார். “இதுதான்” என்றார்.

வாங்கின பிறகு நன்றாகத்தான் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. சித்திரையில் பேரப்பிள்ளைகள் வந்து மாங்காயை உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுத் தின்று வயிற்று வலியோடு திரும்பிப் போவார்கள். ஆடிக் காற்றில் வாழை சாயாமல் இருக்க இவரும் ராகவனும் முட்டுக் கொடுப்பார்கள். மார்கழியில் பனிக்குப் பயந்து யாரும் போவதில்லை. தையில் கொல்லையிலேயே பொங்கல் வைப்பார்கள், தாயம்மா வந்து அடுப்புக் கூட்டித் தருவாள்.

ஐப்பசி மட்டும் இவருக்கு. “மாடி ஒழுகுதான்னு பார்த்துட்டு வரேன். நீ வராதே, ஒரே சேறு” என்று ஒவ்வொரு ஐப்பசியிலும் தனியாகத்தான் போவார். ஒழுகாத மாடியை ஆறு வருஷமாக வருஷா வருஷம் போய்ப் பார்ப்பானேன்? பேரன் தவழ ஆரம்பித்தபோது, கிணற்றை ஸ்லாப் போட்டு மூடிவிடலாம் என்று கோமளா சொன்னாள். “கிணத்துல கை வைக்காதே!” என்று கத்தினார். அப்படி ஒரு கத்தலை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. அப்புறம் தாயம்மாதான் நாலு பக்கமும் முள்வேலி கட்டினாள்.

தாயம்மா! அவளையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். இரண்டு தெரு தள்ளி வீடு. அவள் அப்பா ஒரு காலத்தில் இந்த நிலத்தில் கூலி வேலை செய்தவராம். பிளாட் போட்டு விற்ற பிறகு பிள்ளைகள் எல்லாம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். தாயம்மா மட்டும் இந்த மண்ணை விடாமல் தோட்ட வேலை செய்கிறாள். சம்பளம் பேசவே இல்லை. “சார் இன்னா குடுத்தாலும் சரி” என்றாள். இந்தக் காலத்தில் யாராவது அப்படிச் சொல்வார்களா? கூட்டுக் களவாணிகள்!

வேப்பம்பட்டு ஸ்டேஷன் படிக்கட்டில் எப்போதும் பூ விற்கிற மோகனப்பிரியா உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். மூக்குத்தி பளிச்சென்றிருந்தது. கோமளாவுக்கு அந்த மூக்குத்தியைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது.

“வா மா. மல்லி போடட்டா?”

“அதெல்லாம் இருக்கட்டும். எங்க வீட்டு சார் வந்தாரா?”

“இன்னும் வரல மா. பத்து மொயம் சாமந்தி சொல்லிகீறாரு. கட்டி வச்சிகினு ஒக்காந்துகீறேன்.” வாழையிலைப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினாள். “வருசா வருசம் இந்த மாசம் வாங்கினு போவாரே, தெரியாதா உனுக்கு?”

“நீ எப்போ வீட்டுக்கு வரப்போறே?”

“எந்த ஊட்டுக்கு?”

“எங்க வீட்டுக்கு. இன்னைக்குத்தானே வரச் சொன்னாரு?”

மோகனப்பிரியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “யாவாரத்த உட்டுட்டு நா எங்க மா வர்றது? உனுக்கு இன்னா, ஒடம்பு கிடம்பு செரியில்லியா? குந்து, தண்ணி குடி.”

நடிக்கிறாளா? அந்த முகத்தில் நடிப்பு தெரியவில்லை. தண்ணீர் குடிக்காமலே கோமளா நடந்தாள்.

வீட்டு கேட் திறந்தே கிடந்தது. கோமளா வீட்டைத் திறந்து உள்ளே போய், கூடத்தைக் கடந்து, கொல்லைக் கதவைத் தள்ளினாள். கிணற்றின் வேலியை ஒரு பக்கம் பிரித்திருந்தார்கள். சுற்றிலும் தண்ணீர் தெளித்துக் கோலம். பக்கத்தில் ஒரு பித்தளைக் குடத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள் கவிப்பிரியா. தாயம்மாவின் கடைக்குட்டி, கார்த்திகையில் கல்யாணப் பெண். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை.

“ஐய, ஆன்ட்டி! நீங்களும் வருவீங்கன்னு அம்மா சொல்லவே இல்ல!”

“சொல்லாது. அந்தப் பூக்காரி எங்கே?”

“பூக்காரியா?”

“அதான், இன்னைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டு வரப்போறீங்களே. என் காதாலயே கேட்டேன்.”

கவிப்பிரியா ஒரு நொடி விழித்தாள். பிறகு மஞ்சள் கையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், குடமே உருண்டுவிட்டது.

“ஐயோ ஆன்ட்டி! பூக்காரி இல்ல, பூவாடக்காரி! உங்க ஊர்ல கெடையாதா?”

கோமளா பிறந்தது கும்பகோணம் பக்கம். அங்கே இந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை.

“குடும்பத்துல சுமங்கலியா செத்துப் போனவங்கள அப்பிடி சொல்லுவோம். பூவும் பொட்டுமா போனாங்கல்ல. ஊட்ல கண்ணாலம்னா மொதல்ல அவங்கள தண்ணியிலேர்ந்து கூப்புட்டு, கொடத்துல மொண்டு, ஊட்டுக்கு இட்டுகினு வந்து வெளக்கேத்திப் பொடவ சாத்துவோம். கூப்புடாங்காட்டி கோச்சிக்குவாங்க.”

“செத்துப் போனவளா?”

“ஆமா. எங்க பெரிம்மா. கெங்கம்மா. அம்மாவுக்கு அக்கா. இந்தக் கெணத்துல தான் தவறி வுயுந்து செத்தாங்களாம். அதான் சாரக் கேட்டு இங்கயே கூப்புடறோம். கண்ணால ஊட்டுல சாவு சமாசாரம், நீங்க பயப்படுவீங்கன்னு அம்மா உங்களாண்ட சொல்லியிருக்காது.”

கோமளா துவைக்கிற கல்லில் தொப்பென்று உட்கார்ந்தாள். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. அப்புறம் இரண்டும் சேர்ந்து வந்தது. செத்துப்போன ஒரு புண்ணியவதியை நினைத்தா மூன்று நாளாகச் சோறு இறங்காமல் கிடந்தோம்! பாவம் இவர், ஊருக்கு உதவி செய்துவிட்டு நம் வாயில் விழுந்து எழுந்திருக்கப் பார்த்தாரே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாடி, சாமந்தி, கத்தல் எல்லாம் அப்போதைக்கு எங்கேயோ போய்விட்டன. குங்குமச் சிமிழை வாங்கிக் குடத்துக்குத் தானே பொட்டு வைத்தாள்.

தாயம்மா வந்தாள். கோமளாவைப் பார்த்ததும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை. குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய்விட்டாள்.

“அம்மாவுக்கு இன்னா ஆச்சி?” என்றாள் கவிப்பிரியா.

கோமளாவின் மனசில் ஒரே ஒரு முள் மிச்சம் இருந்தது. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“ஏம்மா, உங்க பெரியம்மாவுக்குப் புடவை நீங்கதானே எடுக்கணும்? எங்க சார் ஏன் எடுக்கறாரு?”

“சாரா? இல்லியே ஆன்ட்டி. பொடவ அவங்க வூட்டுக்காரரு கையால தான் எடுக்கணும். அதான் எங்க வயக்கம். எங்கக்கா கண்ணாலத்துக்கு அவரு வரல, அம்மாவே எடுத்துச்சி. இந்த வாட்டி பெரிப்பாவே எடுத்துகினு வராராம்.” கவிப்பிரியாவின் கண் விரிந்தது. “யாருன்னு கேட்டா அம்மா வாயே தொறக்காது. நானே இன்னிக்கித் தான் அவர மொத மொதல்ல பாக்கப் போறேன்.”

கேட் கிறீச்சிட்டது.

வீட்டுப் பக்கவாட்டுச் சந்து வழியாகத் தட்சிணாமூர்த்தி கொல்லைக்கு வந்தார். ஒரு கையில் சாமந்திப் பொட்டலம். இன்னொரு கையில் மாம்பழ மஞ்சள் புடவை, வெளியே எடுத்து மேலே வளையலும் வெற்றிலை பாக்கும் வைத்துத் தாம்பாளத்தில் ஏந்தினதுபோல் நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தார்.

“சார் வந்துட்டாரு” என்று எழுந்த கவிப்பிரியா அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். சந்து காலியாக இருந்தது. “பின்னாடி யாரும் வரலியே?”

அவள் புடவையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கடைசியில் கோமளாவைப் பார்த்தாள். கை தானாக வாய்க்குப் போனது.

கோமளா எழுந்து கொல்லைப்படியில் ஏறி நிலைவாசலில் நின்றாள். குரல் ஆச்சரியமாக நிதானமாக இருந்தது.

“நல்ல கலர்.”

“கோமு…”

“உங்களுக்குத்தான் கலர் பார்க்கத் தெரியாதே. இது யாரு சொல்லிக் கொடுத்த கலர்?”

தட்சிணாமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். “அவ கட்டிக்கிட்ட கலர்” என்றார். அன்றைக்கென்று அவர் குரல் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காது.

தூறல் மழையாகி அடித்தது. இடுப்பில் நிறைகுடத்தோடு தாயம்மா ஓட்டமும் நடையுமாக வந்து படிக்குக் கீழே நின்றுவிட்டாள். மேலே நிலைவாசலை அடைத்துக்கொண்டு கோமளா. குடத்துத் தண்ணீரில் ஒரு சாமந்திப்பூ மிதந்தது.

“எங்க ஊடு போய்ச் சேர முடியாது மா இந்த மயையில. மொண்ட கொடத்த ஊட்டுக்குள்ள போயித்தான் எறக்கணும், தரையில வெக்கக் கூடாது.” தாயம்மா அழுதாளா, மழைதானா என்று தெரியவில்லை. “நீ எங்கள வெய்யணும்னா அப்பால வெய்யி. இவள இப்பிடி நிக்க வெக்காத மா.”

கோமளா குடத்தைப் பார்த்தாள். மஞ்சள் மழையில் கரைந்து வழிந்தது. தன் கையால் வைத்த பொட்டு மட்டும் அப்படியே இருந்தது. இந்தப் பாவி மகள் என்ன செய்தாள்? அவளும் இவரை நம்பித்தானே மாம்பழ மஞ்சள் கட்டியிருப்பாள்?

ஒதுங்கி வழிவிட்டாள்.

“அவளை உள்ளே கொண்டா, தாயம்மா.” பிறகு கணவனைப் பார்த்தாள். “நீங்க வெளியிலேயே நில்லுங்க.”

புடவையை மட்டும் வளையலோடு அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

கூடத்தில் வாழையிலையில் அரிசி பரப்பியதும் கோமளாதான், விளக்கேற்றியதும் கோமளாதான். குடத்தை இறக்கி அதன் மேல் புடவையைச் சாத்தினார்கள். கவிப்பிரியா மூலையில் ஒடுங்கி நின்றாள். கோமளா வளையலை எடுத்து விளக்கு முன்னால் வைத்தாள். அவள் மனசு ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தது. எனக்கு முன்னால் நடந்த கதை. இளவயசு. கட்டினவள் செத்துப் போனாள், சொல்லத் தைரியம் இல்லை, என்னைக் கட்டிக்கொண்டார். பெரிய தப்புதான், ஆனால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் மன்னிக்கக்கூடிய தப்பு. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவள் விளக்கிடம் வேண்டிக்கொண்டாள்.

“எப்போ போனா தாயம்மா?”

தாயம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

“எம்பத்தஞ்சு வெள்ளம் வந்துச்சே மா, அந்த ஐப்பசி. ஏரி ஒடச்சிகினு தண்ணி வந்துடுச்சி. மாட்ட அவுக்கப் போனா. தர எது கெணறு எதுன்னு தெரியல. தண்ணி வடியற வரைக்கும் ஒடம்ப எடுக்க முடியல. மூணு நாளும் சார் கெணத்தாண்டயே குந்திகினு இருந்தாரு, பச்சத் தண்ணி பல்லுல படல. எடுத்து அடக்கம் பண்ண அப்பால, யாராண்டயும் ஒரு வார்த்த பேசாம, அந்தத் தண்ணியிலயே நடந்து பூட்டாரு. எங்க போனாருன்னு அப்போ எங்களுக்குத் தெரியாது மா.”

கோமளாவுக்குத் தெரியும். எங்கே போய், எந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார் என்று அவளுக்குத் தெரியும். அந்தத் தலையைத் துவட்டிய முந்தானை எந்தப் புடவை என்றுகூட ஞாபகம் இருக்கிறது.

அந்த வருஷம் தை மாசம்தான், கெங்கம்மா உயிரோடு இருக்கும்போதே, அவர் கோமளாவுக்குத் தாலி கட்டியிருந்தார்.

“கோமு” என்று வெளியிலிருந்து குரல் வந்தது. “மழை வலுக்குது. கதவைத் திறம்மா. எல்லாத்தையும் சொல்லிடறேன்.”

கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. கோமளா எழுந்து போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.